மலையகத்தைத் திரையில் எழுப்ப: நிலவுயரத் தரவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், பதுளை, கண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று கணினி விளையாட்டும் அசைவூட்டப் படமும் செய்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்காவது ஒரு கட்டத்தில் ஓர் ஆசை வருகிறது: கற்பனை மலை வேண்டாம், எங்கள் மலையையே வைக்க வேண்டும். ஆசை வந்த மறுநாளே கேள்விகளும் வருகின்றன. அவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். ஆகவே கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நிலவுயரத் தரவு என்றால் நிலத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் உயரத்தை எண்ணாக எழுதிய கோப்பு. அது கிடைப்பது இப்போது பெரிய காரியம் அல்ல. கையில் உள்ள கோப்பு எதை அளந்தது, எப்போது அளந்தது, எங்கிருந்து அளந்தது என்று தெரியாமல் இறங்குவதில்தான் வினை இருக்கிறது. பின்னால் வரும் விடைகள் முன்னால் உள்ளவற்றைத் தொட்டுப் போவதால் மேலிருந்து வாசிப்பது நல்லது.

அண்ணா, இந்தத் தரவுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். உலகம் முழுவதற்குமான 30 மீற்றர் தரவுகள், அதாவது 30 மீற்றருக்கு ஓர் உயரம் தருபவை, பல இலவசமாகவே கிடைக்கின்றன. இலங்கை முழுவதும் அவற்றில் அடங்குகிறது. சில தளங்களில் கணக்குத் திறக்க வேண்டியிருக்கும், அதற்கும் மின்னஞ்சல் முகவரி போதும். அதைவிட நுட்பமான தரவு வேண்டுமென்றால்தான் பணம். நில அளவைத் திணைக்களம் எண்முறை வரைபடங்களை விலைக்குத் தருகிறது. ஜப்பானியச் செயற்கைக்கோளின் 5 மீற்றர் தரவும் வணிக விலையில் இருக்கிறது. முதல் வேலைக்கு இரண்டும் தேவையில்லை.

பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எஸ்ஆர்டிஎம், ஆஸ்டர், ஏலோஸ், கோப்பர்னிக்கஸ்: இவற்றில் எதை எடுப்பது?

அவசரம் என்றால் கோப்பர்னிக்கஸ் ஜிஎல்ஓ-30. காரணம் தெரிய வேண்டுமென்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

எஸ்ஆர்டிஎம் என்பது 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ரேடார் கொண்டு அளந்தது. வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகை வரை நிலப்பரப்பை அளந்தார்கள். கால் நூற்றாண்டு பழைய தரவு. ஆனால் அதைப் பற்றி எழுதப்பட்ட பாடங்கள் ஏராளம், எல்லா மென்பொருளும் அதைத் திறக்கும். அதே அளவீட்டை நாசா மறுபடி பதப்படுத்தி 2020இல் நாசாடெம் என்று வெளியிட்டது. எஸ்ஆர்டிஎம்தான் வேண்டும் என்றால் நாசாடெமை எடுங்கள்.

ஆஸ்டர் ஜப்பானும் நாசாவும் சேர்ந்து வெளியிட்டது. அது ரேடார் அல்ல. ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டு உயரம் கணிக்கும் முறை. படம் என்றால் முகில் மறைக்கும். மலையகத்தின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவம், கிழக்கே பதுளைப் பக்கம் வடகிழக்குப் பருவம் என்று ஆண்டில் பெரும்பகுதி முகில்தான். அதனால் ஆஸ்டரில் இல்லாத மேடும் குழியும் எட்டிப் பார்க்கும். எங்கள் பகுதிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஏலோஸ் செயற்கைக்கோள் 2006 முதல் 2011 வரை எடுத்த படங்களிலிருந்து ஜப்பானிய விண்வெளி முகமை செய்த தரவும் படவழித் தரவுதான், ஆனால் ஆஸ்டரைவிட மிகத் துப்புரவானது. முகடுகள் கூர்மையாக வரும்.

கோப்பர்னிக்கஸ் தரவு ஜெர்மனியின் டான்டெம்-எக்ஸ் ரேடார் செயற்கைக்கோள் இணை 2011க்கும் 2015க்கும் இடையில் அளந்தது. ரேடார் முகிலை ஊடுருவும். உயரம் முழு எண்ணாக இல்லாமல் தசமத்தோடு இருக்கும். குளம், நீர்த்தேக்கம் எல்லாவற்றையும் சமப்படுத்தித் தந்திருக்கிறார்கள். மூன்றும் படம் தீட்டுகிறவருக்கு நேரடியாக உதவும் குணங்கள்.

எங்கே போய் இறக்குவது? என் போன் டேட்டா தீர்ந்துவிடாதா?

ஓப்பன் டோபோகிராஃபி தளத்தில் வரைபடத்தின் மேல் ஒரு பெட்டி வரைந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தரும். டேட்டாவைச் சிக்கனப்படுத்துகிறவர்களுக்கு அதுவே சிறந்தது. முழு டைல், அதாவது தரவை வெட்டி வைத்திருக்கும் ஒரு பாகைச் சதுரம், வேண்டுமென்றால் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்புளோரரில் எஸ்ஆர்டிஎம் கிடைக்கும்.

அளவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒரு பாகைக்கு ஒரு பாகை கொண்ட எஸ்ஆர்டிஎம் டைலில் 3601 வரிசை, 3601 நிரல். ஒவ்வோர் உயரத்துக்கும் இரண்டு பைட். சுருக்காமலே ஏறத்தாழ 26 மெகாபைட். மலையகம் முழுவதற்கும் நான்கு டைல். 104 மெகாபைட்டுக்குள் வேலை முடிந்துவிடும்.

நுவரெலியா டைலை இறக்கினேன். நகரம் இருக்கிறது, பிதுருதலாகல எங்கே போயிற்று?

மேல் வீட்டில் இருக்கிறது. டைலின் பெயர் அதன் தென்மேற்கு மூலையைச் சொல்லும். ‘என்06ஈ080’ என்றால் வடக்கே 6 பாகையிலும் கிழக்கே 80 பாகையிலும் தொடங்கி 7 பாகையிலும் 81 பாகையிலும் முடிகிற சதுரம். நுவரெலியா நகரம் 7 பாகைக் கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. பிதுருதலாகல உச்சியோ அந்தக் கோட்டைத் தாண்டி வடக்கே மூன்றே பிக்சல் அளவில் நிற்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த மலையை, 2524 மீற்றரை, கோடு உச்சிக்கு அருகிலேயே வெட்டிப்போடுகிறது. ஒரே டைலை வைத்து வேலை செய்தால் தெற்குச் சரிவு ஏறிப்போய் உச்சிக்கு முன்னால் அறுந்து நிற்கும்.

கிழக்கிலும் இதே கதை. 81 பாகை நெடுங்கோடு பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் நடுவே ஓடுகிறது. பண்டாரவளையும் அப்புத்தளையும் ஒரு டைலில், எல்லவும் பதுளையும் அடுத்த டைலில். ஆகவே மலையகத்தில் வேலை செய்கிறவர் 6, 7 அட்சங்களுக்கும் 80, 81 நெடுங்கோடுகளுக்கும் உரிய நான்கையும் ஒரேயடியாக இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒட்டி, பிறகு தேவையான பகுதியை வெட்டிக்கொள்வதுதான் உத்தமம். அடுத்தடுத்த எஸ்ஆர்டிஎம் டைல்களின் ஓரவரிசை ஒன்றே. கையால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினால் அந்த வரிசை இரட்டிப்பாகி ஒரு தழும்பு தெரியும். மென்பொருளிடம் விட்டுவிடுங்கள்.

இறக்கிய கோப்பைத் திறந்தால் வெறும் வெள்ளையாக இருக்கிறதே. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. உங்கள் கணினியில் படம் பார்க்கும் மென்பொருளுக்கு 0 முதல் 255 வரைதான் தெரியும். 1868 என்ற எண்ணைக் கண்டால் வெள்ளை என்று காட்டிவிடும். கியூஜிஐஎஸ்ஸில் திறந்தால் அது தானாகவே குறைந்த உயரம் கறுப்பு, கூடிய உயரம் வெள்ளை என்று நீட்டிக் காட்டும்.

அங்கேயும் மலை முழுவதும் ஒரே வெளிறிய நிறமாக, ஓரிரு கறுப்புப் புள்ளிகளுடன் தெரிந்தால் அது வேறு நோய். பழைய எஸ்ஆர்டிஎம் கோப்பில் அளவீடு கிடைக்காத இடத்துக்கு -32768 என்று எழுதியிருப்பார்கள். அதைக் கடலுக்கடியில் 32 கிலோமீற்றர் பள்ளம் என்று மென்பொருள் நம்பிவிட்டால் மிச்சமெல்லாம் தட்டையாகிவிடும். அந்த எண்ணைத் ‘தரவு இல்லை’ என்று குறித்து, ஓட்டை நிரப்பும் கருவியை ஓட்டுங்கள். செங்குத்துப் பள்ளத்தாக்குகளில் ரேடார் பாயாத நிழல் விழும், அதனால்தான் இந்த ஓட்டைகள்.

30 மீற்றர் என்றால் எங்கள் தோட்டத்து லயன் தெரியுமா?

தெரியாது. தேயிலைச் செடியும் தெரியாது, தோட்டத்துப் பாதையும் தெரியாது. 30 மீற்றருக்கு 30 மீற்றர் நிலத்துக்கு ஓர் எண், அவ்வளவுதான். லயன் என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசையின் அகலம் ஒரு பிக்சலில் சிறு பகுதிதான். மலையின் உடல் இந்தத் தரவிலிருந்து வரும். லயன், கோயில், தொழிற்சாலை, பாதை எல்லாவற்றையும் நீங்கள்தான் மேலே வைக்க வேண்டும். பாதை, ரயில் பாதை, ஓடை ஆகியவற்றின் கோடுகள் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் இருக்கின்றன. மேலே போர்த்தும் நிறத்துக்கு சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீற்றர் படங்கள் இலவசம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்தவற்றில் தேடினால் முகில் இல்லாத நாள் அகப்படும்.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் போட்டால் மலை எல்லாம் ஊசி ஊசியாக வானத்துக்குப் போகிறது, ஏன்?

கோப்பில் நீளமும் அகலமும் பாகையில் இருக்கின்றன, உயரம் மட்டும் மீற்றரில் இருக்கிறது. மென்பொருள் ஒரு பாகையை ஓர் அலகு என்று எடுத்துக்கொண்டு, அந்த ஓர் அலகுச் சதுரத்தின் மேல் 2524 அலகு உயரத்தில் மலையை நிறுத்துகிறது. உண்மையில் எங்கள் அட்சத்தில் ஒரு பாகை ஏறத்தாழ 110.5 கிலோமீற்றர்.

வெளியே கொண்டுபோவதற்கு முன் கியூஜிஐஎஸ்ஸில் மீற்றர் அடிப்படையிலான எறியத்துக்கு, அதாவது வளைந்த புவியைத் தட்டையாக விரிக்கும் முறைக்கு, மாற்றுங்கள். இலங்கை யூடிஎம் 44 வடக்கு வலயத்தில் வருகிறது. மென்பொருளில் தேட வேண்டிய இபிஎஸ்ஜி எண் 32644. நாட்டின் சொந்தக் கட்டம் வேண்டுமென்றால் இலங்கைக் கட்டம் 1999, எண் 5235. அதன் மையம் பிதுருதலாகலதான். மாற்றும்போது மறுமாதிரியாக்கம் என்று ஒரு தெரிவு கேட்கும். அதில் ‘மிக அருகிலுள்ளது’ என்பதை விட்டுவிட்டுக் ‘கியூபிக்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இல்லையென்றால் சரிவுகளில் கோடு கோடாக விழும், அதைப் பற்றி அடுத்த கேள்வியே வந்துவிடும்.

சரிவெல்லாம் படிப்படியாக வெட்டியது போல இருக்கிறது. தேயிலை வரிசையா இது?

நல்ல ஆசைதான், ஆனால் அது தேயிலை வரிசை அல்ல. முதல் சந்தேகம் 8 பிட் படத்தின் மேல் விழ வேண்டும். 256 நிறப்படிகளில் 2524 மீற்றரை அடக்கினால் ஒரு படிக்கு ஏறத்தாழ 10 மீற்றர். 16 பிட் பிஎன்ஜியாக எடுத்தால் 65,536 படிகள். ஒரு படி 4 சென்ரிமீற்றருக்கும் குறைவு. ஜேபெக் வேண்டவே வேண்டாம். இணையத்தில் ‘ஒரே சொடுக்கில் ஹைட்மேப்’ (உயரத்தை நிறப்படியாகக் காட்டும் படம்) என்று தருகிற கருவிகள் சில 8 பிட்டைத்தான் கையில் திணிக்கின்றன, கவனம்.

16 பிட் எடுத்தும் ஹோட்டன் சமவெளி போன்ற சமதரையில் மட்டும் படி தெரிந்தால் அது எஸ்ஆர்டிஎம்மின் முழு எண் குணம்: 2100, 2101, 2102 என்றுதான் அதற்கு எண்ணத் தெரியும். கோப்பர்னிக்கஸுக்கு மாறினால் தீரும், அல்லது மிக மெல்லிய மழுக்கல் போடலாம்.

படி இல்லை, ஆனால் பள்ளத்தாக்கு அளவுக்கு மீறி அகன்று, உச்சிகள் மட்டும் சட்டென்று எழுகின்றன என்றால் பிளெண்டரில் அந்தப் படத்தின் நிறவெளியைப் பாருங்கள். சாதாரண நிழற்படம் என்று எடுத்துக்கொண்டு எண்களை வளைத்திருக்கும். ‘நிறமல்லாத தரவு’ என்று மாற்ற வேண்டும்.

அன்ரியல், யூனிட்டி என்ற விளையாட்டு மென்பொருள்களில் என்ன எண் போடுவது? யாருமே நேராகச் சொல்வதில்லை.

நேராகவே சொல்கிறேன். அன்ரியலில் 1009, 2017, 4033 போன்ற அளவுகளுக்குப் படத்தை வெட்டுங்கள். 30 மீற்றர் தரவில் 1009 பிக்சல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலம். நீள அகல அளவுகோலை 3000 என்று வையுங்கள், ஏனெனில் அங்கே 100 என்பது ஒரு மீற்றர். உயர அளவுகோலுக்கு, வெட்டிய பகுதியின் மிகக் கூடிய உயரத்திலிருந்து மிகக் குறைந்த உயரத்தைக் கழித்து, வரும் மீற்றரை 100ஆல் பெருக்கி 512ஆல் வகுக்க வேண்டும். 400 முதல் 2400 மீற்றர் வரை உள்ள துண்டு என்றால் வித்தியாசம் 2000, விடை 390.625. ஏற்றுமதியின்போது அந்த 400ஐ 0 என்றும் 2400ஐ 65,535 என்றும் நீட்டியிருக்க வேண்டும்.

யூனிட்டியில் 513, 1025, 2049 அளவுகள். உயரப் பெட்டியில் அதே 2000 மீற்றரை நேராக எழுதலாம். நிலம் வெறும் இரைச்சலாக, மணல் கொட்டியது மாதிரி வந்தால் பைட் வரிசை தலைகீழாக இருக்கிறது. மற்றத் தெரிவை அழுத்துங்கள்.

சிவனொளிபாதமலை 2243 மீற்றர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். என் கோப்பில் அவ்வளவு இல்லையே?

இருக்காது. கூர்மையான உச்சியில் 30 மீற்றர் சதுரத்தின் சராசரியை எடுத்தால் உச்சி மட்டுமல்ல, அதைச் சுற்றிய சரிவும் கணக்கில் சேர்ந்துவிடும். எறியம் மாற்றும்போது இன்னும் கொஞ்சம் தேயும். பிதுருதலாகல போன்ற அகன்ற உச்சியில் இழப்பு குறைவு, சிவனொளிபாதம் போன்ற கூம்பில் கூடுதல். படம் அந்த மலையைப் பற்றியது என்றால் உச்சியைச் சுற்றியுள்ள சில பிக்சல்களைக் கையால் தூக்கிவிடுங்கள். தூரத்துப் பின்னணி என்றால் விட்டுவிடலாம்.

உலக முடிவில் நெட்டுக்குத்துப் பாறை எல்லாம் சாதாரணச் சரிவாகிவிட்டது. தரவு தவறா?

தரவு தவறு இல்லை, முறையின் எல்லை அது. ஹோட்டன் சமவெளியின் விளிம்பிலிருந்து கீழே ஏறத்தாழ 870 மீற்றர் இறக்கம். ஆனால் ஹைட்மேப்பில் ஒரு புள்ளிக்கு ஓர் உயரம்தான். செங்குத்துச் சுவருக்கு அதில் இடமே இல்லை. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு நடுவே சரிவுதான் வரும், அதுவும் ரேடார் நிழலை நிரப்பிய இடமென்றால் இன்னும் மழுங்கும். இங்கே ஏலோஸ் தரவையும் ஒருமுறை போட்டு ஒப்பிடுங்கள், விளிம்பு அதில் கூர்மையாக வரக்கூடும். மீதியை மாதிரியாக்கத்தில்தான் செய்ய வேண்டும்: விளிம்பு வரை தரவு, அதற்குக் கீழே தனியாகச் செய்த பாறைச் சுவர், அடிவாரத்திலிருந்து மறுபடி தரவு. பாறையின் வெடிப்பையும் நிறத்தையும் நேரில் எடுத்த நிழற்படங்களிலிருந்து கொண்டுவாருங்கள். தயவுசெய்து அரிப்புக் கருவியை மலை முழுவதற்கும் ஓட்டாதீர்கள். இந்த மலைகளை மழை ஏற்கெனவே அரித்துவிட்டது, அதைத்தான் தரவு அளந்திருக்கிறது.

காடு இருக்கும் இடமெல்லாம் நிலமே மேடாக எழும்பி நிற்கிறது. ஓரத்தில் சுவர் வைத்தது போல இருக்கிறது.

இரண்டாவது விடையில் சொன்ன நான்கு தரவுகளும் நிலத்தை அளக்கவில்லை, நிலத்தின் மேல் இருப்பதை அளந்தன. போர்வை போர்த்திப் படுத்திருப்பவரின் உயரத்தைப் போர்வைக்கு மேலே அளந்தது மாதிரி. கவ்வாத்து வெட்டிய தேயிலையில் இதனால் பாதகமில்லை, அந்தப் போர்வை ஒரு மீற்றர் கனம்தான். மலையுச்சியில் நட்ட யூகலிப்டஸ் தோப்பும் பைனஸ் காடும் அப்படி அல்ல; தோப்பு முடியும் இடத்தில் நிலம் திடீரென்று இருபது, முப்பது மீற்றர் இறங்குவது போலத் தெரியும். அதன் மேல் நீங்கள் மரம் நட்டால் மரத்தின் மேல் மரம்.

இதற்குத் தீர்வாக பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் கோப்பர்னிக்கஸ் தரவிலிருந்து காட்டையும் கட்டடத்தையும் கணிப்பால் கழித்து ஃபேப்டெம் என்ற தரவை வெளியிட்டிருக்கிறார்கள். அடர்காட்டுச் சரிவுகளுக்கு அதுவே நல்லது. ஆனால் கழித்தல் என்பது கணிப்பு. முகடுகள் சில இடங்களில் மழுங்கிவிடும். தேயிலை மலை மட்டுமே உள்ள படத்துக்கு நான் கோப்பர்னிக்கஸையே வைத்திருப்பேன். ஃபேப்டெமின் உரிமம் பற்றிக் கடைசிக் கேள்வியில் பாருங்கள்.

தலவாக்கலையில் நீர்த்தேக்கமே இல்லை! ஆறு மட்டும் ஓடுகிறது.

எஸ்ஆர்டிஎம் வைத்திருக்கிறீர்கள். அது 2000ஆம் ஆண்டின் மலையகம். மேல் கொத்மலைத் திட்டம் 2012இல்தான் இயங்கத் தொடங்கியது. கோப்பர்னிக்கஸை எடுத்தால் தண்ணீர் இருக்கும்.

அதற்காகப் பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். அணைக்கு முந்திய தலவாக்கலையைக் காட்ட நினைக்கிறவருக்கு எஸ்ஆர்டிஎம் ஓர் ஆவணம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கழித்துப் பாருங்கள். இடையில் வெட்டிய காடும் புதிதாக வளர்ந்த தோப்பும் நிறம் நிறமாகத் தெரியும்.

மவுஸ்ஸாக்கலைத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பழைய மஸ்கெலியா நகரத்தைக் காட்ட வேண்டும். எந்தத் தரவில் இருக்கிறது?

எந்தச் செயற்கைக்கோள் தரவிலும் இல்லை. இந்த ரேடார்கள் தண்ணீருக்குள் பார்ப்பதில்லை; கோப்பில் இருப்பது நீர்மட்டம் மட்டும். மவுஸ்ஸாக்கலை அணை 1960களின் கடைசியில் வந்தது, பழைய நகரம் அப்போதே மூழ்கிவிட்டது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டுவதைப் பலர் போய்ப் பார்க்கிறார்கள். 2000ஆம் ஆண்டுத் தரவுக்கே அது எட்டாத காலம். கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களின் அடித்தளத்துக்கும் இதே நிலைமைதான், அவை 1980களில் நிரம்பியவை.

வழி ஒன்று இருக்கிறது, பொறுமை வேண்டும். அணைக்கு முன் நில அளவைத் திணைக்களம் அச்சிட்ட ஓர் அங்குலத் தாளைத் தேடுங்கள். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360. அதில் பள்ளத்தாக்கின் சமவுயரக் கோடுகள் இருக்கும். தாளை ஸ்கான் செய்து, கியூஜிஐஎஸ்ஸில் இன்றும் தண்ணீருக்கு மேலே இருக்கும் இடங்களைக் கொண்டு பொருத்துங்கள்: பாதைச் சந்தி, பாலம், தொழிற்சாலை, மலையுச்சி. தாளின் ஓரத்தில் அச்சிட்ட பாகை எண்களை நம்பி நேராகப் பொருத்தினால் நூறு மீற்றருக்கு மேல் விலகும், ஏனென்றால் அந்தக் காலத்து அளவை பாகைகளைக் கணக்கிட்ட ஆதாரம் கண்டவல என்பது, செயற்கைக்கோளின் ஆதாரம் வேறு. பிறகு ஒவ்வொரு சமவுயரக் கோட்டையும் சுட்டியால் வரைந்து அதன் உயரத்தை எழுதுங்கள். உயரம் அடியில் இருக்கும், 0.3048ஆல் பெருக்குங்கள்.

அந்தக் கோடுகளிலிருந்து முக்கோண வலை செய்து, அதை நீர்த்தேக்கத்தின் எல்லைக்குள் மட்டும் கோப்பர்னிக்கஸின் மேல் ஒட்ட வேண்டும். கரையில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் சில பிக்சல் அகலத்துக்குக் கலந்துவிடுங்கள், இல்லையென்றால் குளத்தைச் சுற்றி ஒரு மதில் எழும்பும். கோயில் எந்த மேட்டில் நின்றது, கடைவீதி எந்தப் பக்கம் ஓடியது என்பதற்குத் தாளைவிட மஸ்கெலியாவில் அந்த நகரத்தைக் கண்ட முதியவர்களே மேல். அவர்களிடம் தாளையே விரித்து வைத்துக் கேளுங்கள்.

நுவரெலியா 1868 மீற்றர் என்கிறார்கள். என் போன் 1770 காட்டுகிறது. போன் பொய்யா, வரைபடம் பொய்யா?

இரண்டும் உண்மை, பூச்சியம் எங்கே என்பதில்தான் வேறுபாடு. வரைபடமும் மேலே சொன்ன தரவுகளும் கடல்மட்டத்திலிருந்து அளக்கின்றன. ஜிபிஎஸ் அளப்பதோ புவியைச் சீரான நீள்கோளமாகக் கருதும் ஒரு கணித மேற்பரப்பிலிருந்து. உலகின் பெரும்பாலான இடங்களில் இந்த இரண்டுக்கும் சில பத்து மீற்றர்தான் வித்தியாசம். எங்கள் தீவுக்கு மட்டும் ஒரு விசேஷம்: உலகிலேயே ஈர்ப்பு மேற்பரப்பு மிக ஆழமாகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டமே அந்தக் கணித மேற்பரப்புக்குக் கீழே 106 மீற்றர். இலங்கையிலும் ஏறக்குறைய நூறு மீற்றர் கீழே. ஆகவே திருத்தம் செய்யாத செயலி எங்கே நின்றாலும் நூறு மீற்றர் அளவில் குறைத்தே காட்டும்; கொழும்புக் கடற்கரையில் நின்றால் கடலுக்கு அடியில் இருப்பதாகச் சொல்லும்.

போனில் பதிந்த நடைபாதையை உங்கள் மலைமேல் போடும்போது அது மண்ணுக்குள் புதைந்தால் காரணம் இதுதான். பதிவின் உயரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, கிடைமட்ட இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உயரத்தைத் தரவிலிருந்தே எடுங்கள்.

தெமோதரைச் சுற்றுவட்டத்தில் ரயில் ஓட விட வேண்டும். பாதை மலைக்குள் புதைகிறது, சில இடத்தில் ஆகாயத்தில் தொங்குகிறது.

ரயில்பாதை மலையைக் குடைந்தும் மண் கொட்டியும் போட்டது. 30 மீற்றர் தரவில் அந்த வெட்டும் மேடும் இல்லை. தெமோதரையில் பாதை வளைந்து வந்து நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. ஒரு புள்ளிக்கு ஓர் உயரம் என்று உலக முடிவுக் கேள்வியில் சொன்னது இங்கேயும் குறுக்கே நிற்கும்.

பாதையின் கோட்டை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து எடுங்கள், ஆனால் உயரத்தை நிலத்திலிருந்து எடுக்க வேண்டாம். நிலையங்களின் பெயர்ப் பலகையிலேயே கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே சீரான ஏற்றமாகக் கோட்டை இழுத்து, பிறகு நிலத்தைப் பாதைக்கு ஏற்ப வெட்டவும் நிரப்பவும் செய்யுங்கள். அன்ரியலிலும் பிளெண்டரிலும் அதற்கான கருவிகள் இருக்கின்றன. சுரங்க வாயில்களில் நிலத்தில் ஓட்டை போட்டுத் தனிப் பொருளாக வைக்க வேண்டும். ஒன்பது வளைவுப் பாலமும் அப்படித்தான்.

தட்டையாகத் தெரிகிறது, உயரத்தை இரண்டு மடங்கு ஆக்கிவிடலாமா?

ஆக்கலாம், ஆனால் ஊர்க்காரர் ஒருவர் பார்த்தவுடன் ‘இது எங்கள் மலை இல்லை’ என்று சொல்லிவிடுவார். தட்டையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் கமராவை ஆகாயத்தில் வைத்திருப்பது. கீழே இறக்கி, மனிதர் நிற்கும் உயரத்தில், தூரத்தை நெருக்கும் வில்லையோடு வைத்துப் பாருங்கள். பள்ளத்தாக்கில் கொஞ்சம் பனிமூட்டம் போடுங்கள். முகடு முகடாகப் பிரிந்து வரும். சூரியனையும் நம் ஊர்ச் சூரியனாக வையுங்கள். ஏப்ரல் முதல் வாரம் கழிந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வரும். ஐரோப்பியப் பாடக் காணொளிகளில் எப்போதும் தெற்குத்தான்.

சிவனொளிபாதமலையின் விடியற்கால முக்கோண நிழலைக் கேட்பவர்கள் பலர். நிழல் முக்கோணமாகத் தெரிவதற்கு மலையின் வடிவம் காரணம் அல்ல. நீண்ட நிழல் தூரத்தில் ஒரு புள்ளியில் ஒடுங்குவது போலத் தெரியும் தோற்றமே அது, ஆகவே 2243 மீற்றர் சரியாக இல்லை என்று அஞ்ச வேண்டாம். வேண்டியது தூரம். சூரியன் 2 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழல் மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் போகும், கடற்கரைக்கு அருகே வரை. அதனால் 79 பாகை டைலையும் சேர்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் கிழக்குக்குத் தெற்கே உதிப்பதால் நிழல் மேற்குக்குச் சற்று வடக்கே விழும். காற்றில் மெல்லிய மூட்டம் இல்லாமல் முக்கோணம் தோன்றாது.

இதை வைத்து எங்கள் லயனுக்கு மேலே உள்ள சரிவு ஆபத்தா என்று சொல்ல முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். மண்சரிவைத் தீர்மானிப்பது மண்ணின் கனம், நீர் வடியும் வழி, பாறையின் சாய்வு, வெட்டிய பாதை. இவற்றில் ஒன்றும் 30 மீற்றர் கோப்பில் இல்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மூடிய சரிவின் தழும்பைக்கூட இந்தத் தரவுகளில் எதிர்பார்க்க முடியாது. அபாய வரைபடம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மாவட்ட வாரியாக இருக்கிறது. பிரதேச செயலகம் வழியாகவோ கிராம உத்தியோகத்தர் வழியாகவோ அவர்களிடம் கேளுங்கள். அழகான நிறத்தில் நீங்கள் செய்த சரிவுப் படம் வாட்ஸ்அப்பில் ‘ஆபத்தில்லை’ என்று சுற்றத் தொடங்கினால் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

எங்கள் தோட்டத்து டிவிஷன் மட்டும் ஒவ்வொரு தேயிலை வரிசையும் தெரியும்படி வேண்டும். ட்ரோன் போதுமா?

போதும். ஒன்றோடொன்று நன்றாக மேற்படியும்படி படங்களை எடுத்து ஓப்பன் ட்ரோன் மேப் என்ற இலவச மென்பொருளில் போட்டால் சில சென்ரிமீற்றர் நுட்பத்தில் மேற்பரப்பு கிடைக்கும். சரிவில் ஒரே உயரத்தில் பறக்க விட்டால் மேல்பக்கத்தில் மரத்தில் மோதும், கீழ்ப்பக்கத்தில் படம் தேய்ந்துவிடும். நிலத்தைத் தொடர்ந்து ஏறி இறங்கும் பறப்புப் பாதையைத் தெரிவுசெய்யுங்கள். அந்தப் பாதையைத் திட்டமிட கோப்பர்னிக்கஸ் கோப்பே உதவும். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவும் அனுமதியும், தோட்ட நிர்வாகத்தின் சம்மதமும் முதலில். கிடைத்த மேற்பரப்பின் உயரத்தில் போன் கேள்வியில் சொன்ன நூறு மீற்றர் வழு இருக்கக்கூடும், இருந்தால் பெரிய மலையோடு ஒட்டுவதற்கு முன் தூக்கிக்கொள்ளுங்கள்.

கூகுள் எர்த்தில் இதைவிட நன்றாக இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொண்டால் என்ன?

அதன் விதிமுறைகள் தரவைப் பிரித்தெடுத்து வேறு இடத்தில் பயன்படுத்த இடம் தருவதில்லை. தவிர, நன்றாகத் தெரிவது பெரும்பாலும் மேலே போர்த்திய நிழற்படம்தான். பார்த்து ஒப்பிடுவதற்குத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்த விளையாட்டை விற்கலாமா? வீடியோவில் பெயர் போட வேண்டுமா?

எஸ்ஆர்டிஎம், நாசாடெம் இரண்டுக்கும் தடையில்லை. நன்றிக்காக ஒரு வரி போடுங்கள். ஏலோஸ் தரவுக்கு ஜப்பானிய விண்வெளி முகமையின் பெயர் கட்டாயம். கோப்பர்னிக்கஸை விற்பனைப் படைப்பிலும் பயன்படுத்தலாம், ஆனால் அவர்கள் கேட்கும் உரிமை வாசகத்தை அப்படியே சேர்க்க வேண்டும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் கோடுகளுக்கும் பெயர் போட வேண்டும். ஃபேப்டெமின் இலவசப் பதிப்பு வணிகமல்லாத வேலைக்கு மட்டுமே. பயிற்சிக்கும் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கும் அதை எடுக்கலாம், விற்கப்போகும் விளையாட்டில் கோப்பர்னிக்கஸை வைத்துக் காட்டு மேட்டைக் கையால் இறக்கிக்கொள்ளுங்கள்.